எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களும் வாசகர்கள்தாம்: நம் வாசகர் வட்டத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் வாசகர் வட்டத்தின் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும்,

சென்ற மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, மறுநாள் சுற்றறிக்கையாகவும் வந்து சேர்ந்த மூன்று புதிய விதிகளையும் நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். கூட்டத்தில் நூல் அறிமுகம் செய்பவர் அந்நூலின் அச்சுப் பிரதியைக் கையில் கொண்டுவர வேண்டும் என்பது முதல் விதி. மின்னூலாகப் படித்தவையும் ஒலிநூலாகக் கேட்டவையும் ஆண்டின் சிறந்த வாசகர் பரிசுக்குரிய கணக்கில் சேரமாட்டா என்பது இரண்டாவது. கூட்டம் நடக்கும் நேரத்தில் கைபேசி, வாசிப்புக் கருவி முதலியவற்றை வெளியே எடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. அச்சுப் பண்பாட்டைக் காப்பது நம் கடமை என்றும், திரையில் பார்ப்பது வாசிப்பன்று, அது மேய்ச்சல் என்றும் சுற்றறிக்கை இவற்றுக்குக் காரணம் சொல்கிறது.

இந்த விதிகள் வாசிக்கப்பட்டபோது நான் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தேன். என் மடியிலிருந்த துணிப்பையில் வாசிப்புக் கருவி இருந்தது. கூட்டம் முடிந்ததும் செயலாளர் என் அருகே வந்து, "உங்களுக்கு மட்டும் விலக்கு உண்டும்மா, கவலைப்படாதீங்க" என்றார். அவர் அன்போடுதான் சொன்னார் என்பதை அறிவேன். ஆயினும் அந்த விலக்கை நான் ஏற்க இயலாது. ஏன் இயலாது என்பதைச் சொல்லவே தனியாக அவரிடம் பேசாமல் எல்லா உறுப்பினரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

1987-இல், பத்தொன்பது வயதில், தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அறை அறையாகத் தடுத்த மரத்தட்டிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கம்பாசிட்டர்களோடு வேலை பார்த்தவள் நான். பக்கம் பிரிக்கும் முன் பிழை பார்க்க எடுக்கும் காலி புரூஃப் நீளத் தாளில் மை காயாமல் வரும். தலைகீழாக நின்ற எழுத்தையும், தவறிய ஒற்றையும், வேறு வார்ப்பிலிருந்து கலந்துவிட்ட ஒரு 'ழ'கரத்தையும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். சில ஆண்டுகளில் கணினியும் ஆஃப்செட்டும் வந்து ஈயத்தை விலைக்குப் போட்டபோது, அங்கிருந்த மூத்த கம்பாசிட்டர் ஒருவர் புதிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இந்த எழுத்து தாளில் பதியவில்லை, மேலே படிந்திருக்கிறது, இதற்கு உயிர் இல்லை என்றார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஈய அச்சில் ஒரு பக்கத்தின் பின்புறம் தெரிந்த மெல்லிய புடைப்பு, அதற்குப் பின் வந்த எந்த நூலிலும் இல்லை என்பது உண்மையே. அதற்காகக் கணினியில் கோத்த நூலைப் படித்தவர்களை வாசகர்கள் அல்லர் என்று எவரும் சொல்லவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, நீங்கள் கையில் ஏந்துகிற ஒவ்வொரு தமிழ் நூலும் கடைசிக் கட்டம் வரையில் மின்கோப்பாகவே இருந்து வந்திருக்கிறது. பலர் கணினியில் எழுதுகிறார்கள். பதிப்பாசிரியர் திரையில் திருத்துகிறார். பக்க வடிவமைப்பாளர் திரையில் வரி பிரிக்கிறார். என் போன்றவர்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து பிழை பார்க்கிறோம். முன்பு 1,000 அல்லது 1,200 படிகள் அச்சிட்ட பதிப்பாளர்கள் பலர் இன்று 200, 300 படிகளை மட்டும் தேவைக்கேற்ப மின்னணு அச்சுப்பொறியில் எடுக்கிறார்கள். நம் வட்டம் சென்ற ஆண்டு விவாதித்த நாவல்களில் நான்குக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான்; அவற்றுள் ஒன்றைக்கூட அச்சாகும் முன் தாளில் பார்க்கவில்லை. ஒற்று விடுபட்ட இடத்தையும், 112-ஆம் பக்கத்தில் அத்தையாக இருந்தவர் 240-ஆம் பக்கத்தில் சித்தியாக மாறியதையும் திரையில்தான் கண்டுபிடித்தேன். அதே திரையில் அதே சொற்களை ஒரு வாசகர் படித்தால் அது மேய்ச்சல் ஆகிவிடும் என்பதை என் தொழில் அனுபவம் ஒப்பவில்லை.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019-இல் ஒரு நாவலின் மெய்ப்புப் படியைத் தாளில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் நடுவில் வரிகள் நெளிந்து தெரிந்தன. அச்சுப்பொறியில் தாள் நழுவியிருக்கும் என்று எண்ணி வேறு படி கேட்டு வாங்கினேன். அதிலும் வரிகள் நெளிந்தன. கண் மருத்துவர், விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்னும் பகுதி இரு கண்களிலும் சிதைந்து வருவதாகச் சொன்னார். இந்நோய் முழு இருட்டைக் கொண்டுவருவதில்லை. ஓரப் பார்வை இருப்பதால் என்னால் தெருவில் நடக்க முடிகிறது, சமைக்க முடிகிறது, எதிரே வருபவரின் சேலை நிறத்தைச் சொல்ல முடிகிறது. எந்தச் சொல்லை நேராக நோக்குகிறேனோ அந்தச் சொல் மட்டும் மங்கிவிடுகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுத்தைக் கூர்ந்து பார்த்துப் பிழைத்தவளுக்கு, கூர்ந்து பார்த்தால் மறைகிற எழுத்து எத்தகைய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

முதலில் பூதக்கண்ணாடியைக் கொண்டு படித்தேன். நம் நூல்கள் பெரும்பாலும் 10 அல்லது 11 புள்ளி எழுத்தில் வருகின்றன. ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் நூலுமாக, இரண்டு பக்கம் படிக்க நாற்பது நிமிடம் ஆனது. பசை ஒட்டிக் கட்டிய தடித்த நூல்களில் நடுமடிப்புக்குள் புதைந்திருக்கும் சொற்களைக் கண்ணாடி எட்டாது. அவற்றைப் படிக்க முதுகை முறித்து விரிக்க வேண்டும், விரித்தால் தாள் கழன்றுவிடும். ஓராண்டு முழுவதும் ஒரே ஒரு நாவலைத்தான் படித்து முடித்தேன். அந்த ஆண்டில் நம் கூட்டங்களுக்கு நான் வராமல் இருந்ததன் காரணத்தை எவரிடமும் சொல்லவில்லை.

2020-இல் என் மகள் ஒரு வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தாள். 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வாசிப்புக் கருவியில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியபோது, நம் கூட்டத்திலேயே அதைப் பழித்துப் பேசியவர்களுள் நானும் ஒருத்தி. தாளின் மணத்தையும் பக்கம் புரட்டும் ஓசையையும் பற்றி நான் அன்று பேசியதை உங்களில் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவற்றை நான் இன்றும் விரும்புகிறேன். என் வீட்டில் 600-க்கும் மேற்பட்ட அச்சு நூல்கள் இருக்கின்றன, வட்டத்தின் அலமாரியில் உள்ளவற்றில் ஏறக்குறைய 200 நூல்கள் நான் கொடுத்தவை. ஆனால் அந்தக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு மூன்று நான்கு சொற்களும் திரைக்கு 30 சொற்களுமாக வைத்துக்கொண்டு, ஓரப் பார்வையால் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றிப் படித்த அந்த மாலையில் நான் அழுதேன். அதில் பயன்படும் மின்-மை (இ-இங்க்) திரை கைபேசியைப் போலக் கண்ணை நோக்கி ஒளி வீசுவதன்று. சூழ இருக்கும் வெளிச்சத்தில் தாளைப் போலவே தெரிவது. கண் களைத்த நாள்களில் ஒலிநூல் கேட்கிறேன். சென்ற ஆண்டு 31 நூல்களை முடித்தேன், 22 திரையில், 9 செவியில். உங்கள் புதிய விதிப்படி நான் சென்ற ஆண்டு படித்த நூல்களின் எண்ணிக்கை சுழியம்.

எனக்கு விலக்கு அளித்தால் என் எண்ணிக்கை மீண்டும் 31 ஆகிவிடும். ஆனால் விலக்கு என்பதன் பொருள், திரையில் படிப்பது வாசிப்பன்று என்னும் தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நோயாளி என்பதால் என்னைப் பொறுத்துக்கொள்வதாகும். என் கண்ணின் நிலையை மருத்துவச் சான்றாகக் காட்டி, வாசகி என்னும் பெயரை இரந்து பெற நான் விரும்பவில்லை. மேலும், கருவியில் படிக்கும் எல்லோரிடமும் காட்டத்தக்க நோய் இருப்பதில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன். இரவு நேர மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் பழைய சிறுகதைத் தொகுப்பை அறிமுகம் செய்தார். மற்ற மூவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். அலமாரி வைக்க அவருக்கு இடமில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, வாடிக்கையாளர் வராத இடைவெளிகளில் கைபேசியில் படிக்கிறார். அந்தத் தொகுப்பு பல ஆண்டுகளாக அச்சில் இல்லை. நூலகம் என்னும் இணைய நூலகத்தில் ஒளிவருடி (ஸ்கேன் செய்து) வைத்திருந்த பக்கங்களை விரலால் விரித்தும் நகர்த்தியும் முழுவதும் படித்திருந்தார். இருபது நிமிடம் பேசினார், குறிப்புத் தாள் கூட இல்லாமல். அவர் முடித்ததும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டிருக்கிறீர்களா தம்பி? படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் வந்தேன் என்று சொல்வதுபோல் இருக்கிறது" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தத் தம்பி கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதைகளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதன்பின் நடந்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. உங்கள் விதிகளின் வித்து அன்றைய சிரிப்பில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அவர் படித்த அந்த இணைய நூலகம் எதற்காகத் தோன்றியது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஈடு செய்ய இயலாத ஏடுகளும் அழிந்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் நம் வட்டம் மெழுகுவத்தி ஏற்றி நினைவுகூர்கிறது. போரும் இடப்பெயர்வும் ஒரு சமூகத்தின் நூல்களை மேலும் சிதறடித்த பிறகு, 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஒளிவருடிச் சேர்த்து வருகிறது. தாளில் இருப்பது மட்டுமே நூல் என்றால், அவற்றுள் எத்தனையோ நூல்கள் இன்று நமக்கு இல்லாதவை. எரிந்த நூல்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிற கையால், எஞ்சிய நூல்களைப் படித்து வந்த இளைஞரை வெளியேற்றியிருக்கிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

நம் ஆண்டு மலரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அதற்கு நான் மெய்ப்புப் பார்த்து வருகிறேன். அதில் வரும் சங்க இலக்கிய, பக்தி இலக்கியக் கட்டுரைகளின் மேற்கோள்கள் பல, 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளிலிருந்தும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. எழுத்துருவும் இடைவெளியும் ஒட்டி வருவதால் அது எனக்குத் தெரியும். இதில் குறை ஒன்றும் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் அளித்த கொடை அது; எடுத்தாள்வதற்காகவே அளித்தார்கள். கட்டுரை எழுதும்போது நாம் நம்பிக்கையோடு படிக்கிற அந்தத் திரையை, ஓர் உறுப்பினர் கூட்டத்தில் வெளியே எடுக்கக் கூடாது என்று விதி செய்வது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கிறேன்.

சுற்றறிக்கை ஆய்வுகளைச் சான்று காட்டுகிறது. எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. நான் தேடிப் படித்ததில், உங்கள் தரப்புக்கு வலுவான சான்றாகத் தோன்றுவது 2018-இல் பாப்லோ டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றவற்றை, அவர்கள் ஒருசேர ஆராய்ந்தார்கள். தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது என்பதே அதன் முடிவு. நேரக் கட்டுப்பாட்டோடு படித்தபோது வேறுபாடு இன்னும் கூடியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலைத் திரைக்கு மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தால் இந்த ஆய்வை முன்வைத்து நானே எதிர்ப்பேன். ஆனால் அதே ஆய்வு, அந்த வேறுபாடு தகவல் சார்ந்த உரைகளில்தான் தெரிந்தது என்றும், கதை உரைகளை மட்டும் படித்தவர்களிடம் தாளுக்கும் திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றும் சொல்கிறது. நம் வட்டம் மாதந்தோறும் எடுத்துக்கொள்பவை நாவல்களும் சிறுகதைகளும்தாம். அவற்றைப் படிக்க நாம் எவருக்கும் மணி அடித்து நேரம் வைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆய்வுகள் ஒப்பிட்டவை, தாள், திரை இரண்டையும் படிக்க வல்லவர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதையே. என்னைப் பொறுத்தவரை ஒப்பீடு திரைக்கும் ஒன்றுமில்லாமைக்கும் இடையே இருக்கிறது. அந்த இளைஞருக்கும் அவ்வாறே.

அப்படியானால் இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், அவை நூல் மீதுள்ள அன்பைக் காட்டிலும், நூல் வைத்திருப்பவர் என்ற பெருமையிலிருந்து வந்தவை. இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலே ஒட்டிப் படித்தார். எங்கள் தெருவிலிருந்த தமிழாசிரியர் ஒருவர் அந்தக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா என்று கேட்டார். அம்மா அதன்பின் எவர் வந்தாலும் அவற்றை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவார். இன்று அத்தகைய பைண்டு செய்த தொடர்கதைகளைப் பழம்பொருளாகப் போற்றுகிறோம். நம் தலைவர் அவர்களே சென்ற ஆண்டுப் புத்தகக் காட்சியில் அப்படி ஒரு கட்டை உயர்த்திக் காட்டி, ஓவியங்களோடு கிடைத்த புதையல் என்றார். பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கியவர்களையும் இப்படித்தான் ஒதுக்கினோம். என்ன படிக்கிறாய் என்று கேட்டு ஒதுக்கிய காலம் ஓரளவு மாறிவிட்டது. எதில் படிக்கிறாய் என்று கேட்டு ஒதுக்கும் வழக்கத்தை நாம் இப்போது தொடங்கி வைக்கிறோம். ஒதுக்கப்பட்டவர் படிப்பதை நிறுத்துவதில்லை. அவர் படிப்பதை மறைக்கிறார், நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார்.

பிப்ரவரி 19 அன்று உ.வே.சாமிநாதையரின் பிறந்தநாளை நாம் தவறாமல் கொண்டாடுகிறோம். மெய்ப்புத் திருத்துபவளாக அவரிடம் நான் வியப்பது ஏட்டைத் தேடிய அலைச்சலை மட்டுமன்று. ஓலையில் புள்ளி இராது. குத்தினால் ஓலை கிழியும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. எகர, ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றாகவே நிற்கும். அந்த எழுத்தைப் படிக்க ஓர் ஆசிரியரின் துணை வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதிலிருந்து அவர் பதிப்புகள் குறிப்புரையும் அகராதியும் முகவுரையுமாக வந்தன. ஓலை அவருக்கு மிக நெருக்கமானது. ஆனாலும் படிக்க முடியாமல் நின்றவர் படிக்கும்படி எழுத்தை வேறு வடிவத்துக்குக் கொண்டு சென்றார். எனக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும் கருவி செய்வதும் அதே வகைப் பணிதான்.

உங்கள் கவலைகளில் நியாயமானவை உள்ளன, அவற்றை ஒப்புக்கொள்கிறேன். பதிப்பாளர்கள் நலிகிறார்கள். பதிப்பாளர் கொடுத்த கூலியில் பிள்ளையைப் படிக்க வைத்தவள் என்ற முறையில் இதை உங்களைவிடக் கூடுதலாக உணர்கிறேன். அவர்களை நலியச் செய்வது விலை கொடுத்து வாங்கும் மின்னூல் அன்று. ஒளிவருடித் திருட்டுத்தனமாகப் பரப்பப்படும் பிடிஎஃப் கோப்புகள். அத்தகைய கோப்புகள் என் போன்றவர்களுக்கும் பயன்படுவதில்லை. அவை பக்கத்தின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வராது, திரைவாசிப்பு மென்பொருளால் அவற்றைப் படித்துச் சொல்லவும் இயலாது. சென்ற ஓராண்டில் நம் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், அச்சில் கிடைக்கக்கூடிய, ஆசிரியர் உயிரோடு இருக்கக்கூடிய நூல்களின் ஒளிவருடிய படிகள் ஆறு முறை பகிரப்பட்டன. நான் இருமுறை எதிர்த்து எழுதினேன். செயற்குழு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கிய மின்னூலைத் தடுக்கும் விதி வந்திருக்கிறது, திருட்டுப் படியைத் தடுக்கும் விதி இதுவரை வரவில்லை.

மின்னூல் நம் கையில் நிலைத்து நிற்பதன்று என்பதும் உண்மை. நாம் வாங்குவது படிக்கும் உரிமையைத்தான். 2009-இல் அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, உரிமைச் சிக்கலால், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பின்னர் அதற்கு வருத்தமும் தெரிவித்தது. என் அலமாரியில் இருக்கும் நூலை எவரும் அவ்வாறு எடுத்துப் போக முடியாது. அதனால்தான் நான் மிக விரும்பும் நூல்களை இப்போதும் அச்சிலும் வாங்கி வைக்கிறேன், என்னால் அவற்றைப் படிக்க முடியாது என்று தெரிந்தே. கைபேசியில் படிப்பவரின் கவனம் சிதறும் என்பதையும் மறுக்கமாட்டேன். இவையெல்லாம் நாம் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய செய்திகள். பேச்சைத் தொடங்கும் முன்னரே ஒரு தரப்பினரை வாசலில் நிறுத்திவிட்டால் யாரோடு பேசப்போகிறோம்?

நம் மேடைத் துணிப்பதாகையில், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் முதலாவதை எழுதி வைத்திருக்கிறோம்: நூல்கள் பயன்பாட்டுக்கே. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. முதல் விதியை விளக்கும்போது, பண்டைய ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்ததை ரங்கநாதன் எடுத்துக்காட்டுகிறார். அச்சுத் தாளோடு வாசிப்பைப் பிணைக்கிற விதியை அந்தப் பதாகையின் கீழே நின்று வாசித்தோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நாட்டின் சட்டமும் நம்மைவிட முன்னே சென்றிருக்கிறது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கத்தோடு 2013-இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கைக்கு, 2014-இல் முதன்முதலாக ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. மாற்று வடிவில் படிப்பது உரிமை என்று நாடு ஏற்ற பிறகு, அது வாசிப்பே அன்று என்று ஒரு வாசகர் வட்டம் சொல்லலாகாது.

ஆகவே நான் கேட்பவை இவை. மூன்று விதிகளையும் அடுத்த கூட்டத்திலேயே, தனிப்பட்ட விலக்கு எதுவும் இன்றி, முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும். செயற்குழுவின் எழுவர் மட்டும் கூடி எடுத்த முடிவாக இல்லாமல், இனி இத்தகைய விதிகளை உறுப்பினர் எல்லோரும் கூடிய பொதுக்குழுவில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆண்டின் சிறந்த வாசகர் பரிசுக்கு எத்தனை நூல் என்ற எண்ணிக்கையைக் கைவிட்டு, படித்ததைப் பற்றி அவர் கூட்டத்தில் பேசியதையும் எழுதியதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அந்த மருந்துக் கடைத் தம்பியைத் தலைவரும் செயலாளரும் நேரில் சென்று சந்தித்து, பிப்ரவரியில் நடந்ததற்கு வட்டத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து, அதே தொகுப்பைப் பற்றி மீண்டும் பேச அழைக்க வேண்டும். இம்முறை கதைகளைப் பற்றிக் கேள்வி கேட்க நான் முதல் ஆளாக இருப்பேன்.

மாத நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அது மின்வடிவிலோ ஒலிவடிவிலோ கிடைக்கிறதா என்று பார்த்து, சுற்றறிக்கையில் அதையும் குறிப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் பதிப்பாளருக்கு வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில் அமைந்த கோப்பைக் கேட்க வேண்டும். பல பதிப்பாளர்களிடம் பழைய எழுத்துருக்களில் கோப்புகள் முடங்கிக் கிடக்கின்றன. ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைவதால் மின்னூலாக்கத் தயங்குகிறார்கள். அவ்வாறு மாற்றிய கோப்புகளுக்கு ஊதியமின்றி மெய்ப்புப் பார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினால் இப்போதும் என்னால் அதைச் செய்ய முடியும். வாட்ஸ்அப் குழுவில் திருட்டுப் படிகளைப் பகிர்பவரை நீக்கும் விதி ஒன்றை உடனடியாகக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வாசிப்புக் கருவியோடு கூட்டத்துக்கு வருவேன். இம்மாத நாவலைப் படித்து முடித்துவிட்டேன். அதன் இரண்டாம் பாகத்தில் வரும் வயலும் வாய்க்கால் பங்கீடும் பற்றி இருபது நிமிடம் பேச விரும்புகிறேன். பேசுவோர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் பத்தொன்பது ஆண்டுக்கால உறுப்பினர்,
ஆண்டு மலரின் மெய்ப்புத் திருத்துநர்